பூட்டிய வீடுகளும் நெகேமியாவின் சீட்டும்



ஜனவரியின் இரண்டாம் வாரம் கிராமத்துச் சேகர குரு ஒருவருக்கு எவ்வளவு பாரமானது என்பதை, வெளியூர்களில் வாழும் உங்களில் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. புத்தாண்டு ஆராதனைக்கு ஆலயத்துக்கு வெளியே பந்தல் போட்டு நாற்காலிகள் அடுக்கினோம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்திருந்த பிள்ளைகளின் சத்தத்தால் ஊர் நிறைந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு முன்வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களில் அறுபது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எண்ண இரு கை விரல்களே போதுமாயிருந்தன.

ஆராதனை முடிந்து மேலத்தெரு வழியாக நடந்தேன். பூட்டுகளை எண்ணிக்கொண்டே போனேன், இருபத்தேழில் நிறுத்திக்கொண்டேன். ஓட்டைக் குடிசைகள் அல்ல அவை. தேக்குக் கதவும் கிரானைட் திண்ணையும் வாசலில் கேமராவும் உள்ள நல்ல வீடுகள். அவற்றில் ஒன்பது வீடுகளின் சாவிக்கொத்தை ஒரே ஒரு விதவைத் தாயார் வைத்திருக்கிறார். பொழுது சாயும்போது வீடு வீடாகப் போய் வாசல் விளக்கைப் போடுவார். விடிந்ததும் போய் அணைப்பார். அதற்கு அவருக்கு மாதச் சம்பளம் உண்டு. அவர் குடியிருப்பதோ ஒழுகுகிற ஓட்டுவீட்டில்.

அந்தப் பாரத்தோடேதான் இந்த வாரம் நெகேமியாவின் புத்தகத்தைத் திறந்தேன். அலங்கம் கட்டிய வரலாற்றை நாம் எல்லாரும் ஓய்வுநாள் பாடசாலையிலேயே கேட்டிருக்கிறோம். ஐம்பத்திரண்டு நாளில் வேலை முடிந்தது, சத்துருக்கள் வெட்கப்பட்டார்கள். பிரசங்கிகளாகிய நாங்கள் பெரும்பாலும் அங்கேயே ஆமென் சொல்லி இறங்கிவிடுகிறோம். ஆனால் ஏழாம் அதிகாரத்தில் நெகேமியா ஒரு சங்கடமான காரியத்தைக் காண்கிறார். அலங்கம் நிற்கிறது, கதவுகள் நிற்கின்றன, வாசல் காவலாளரும் நிற்கிறார்கள். உள்ளே குடியிருக்க ஆள் இல்லை. பட்டணத்தின் பரப்புக்கும் ஜனத்தின் தொகைக்கும் பொருத்தமே இல்லை. பதினோராம் அதிகாரத்தில்தான் அதற்கு வழி பிறக்கிறது. பத்துப் பேரில் ஒருவர் எருசலேமில் வந்து குடியேறும்படி சீட்டுப் போடுகிறார்கள். சீட்டு விழாமலே தாங்களாக முன்வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களை ஜனங்கள் எல்லாரும் வாழ்த்தினார்கள்.

அன்று கிராமங்களிலிருந்து பட்டணத்துக்கு ஆள் தேவைப்பட்டது. இன்று நமக்குப் பட்டணத்திலிருந்து கிராமத்துக்குத் தேவைப்படுகிறது. திசை வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த அதிகாரத்தில் என் மனம் நின்ற இடம் ஒன்று உண்டு. வரிச்சலுகையைப் பற்றியோ இனாம் நிலத்தைப் பற்றியோ அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. வருகிறவர்களை அங்கிருந்த ஜனங்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பது மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.

ஊர் ஏன் வெறுமையாகிறது என்று கேட்டால், பிள்ளைகளின் பேரில் குற்றம் சுமத்துவது எளிது. நான் அதற்கு உடன்படமாட்டேன். பனையேறிப் பிழைத்த முன்னோர் தங்கள் நெஞ்சிலும் கால்களிலும் காய்த்திருந்த தழும்புகளைப் பார்த்துத்தான், பிள்ளைகளாவது படிக்கட்டும் என்று தீர்மானித்தார்கள். மிஷன் பள்ளிக்கூடங்கள் அவர்களைப் படிக்கவைத்தன; படித்தவர்கள் புறப்பட்டார்கள். அதற்கும் முன்னே இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் உண்டு. ஆகவே இந்த வெறுமையின் ஒரு பகுதி நம் ஜெபங்களுக்குக் கிடைத்த பதில். பிள்ளைக்கு நல்ல வேலை கிடைக்கவேண்டுமென்று என்னிடம் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்கள் நீங்கள்தான். அந்த வேலை இந்த ஊரில் இல்லை என்பது அப்போதே நமக்குத் தெரியும்.

இனி அவர்கள் திரும்பிவந்து ஊரை நிரப்புவார்கள் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. மக்கள்தொகை அப்படியே நிலைக்கப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 2.1 பிள்ளைகள் பிறக்கவேண்டும் என்பார்கள். 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் அது 1.4. நம்முடைய சொந்தப் பிள்ளைகளைக் கொண்டே இந்தத் தெருக்களை நிரப்ப முடியாது. வேறு மனிதர்கள் வரவேண்டும். இந்த வாக்கியத்தை எழுதும்போதே உங்களில் சிலருடைய முகம் மாறுவதை என்னால் காண முடிகிறது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகத்தில் நம்மைவிட முந்தி இந்த நோயைக் கண்டவர்கள் உண்டு. இத்தாலியின் சிற்றூர்கள் சில, பாழடைந்த வீடுகளை ஒரு யூரோவுக்கு விற்ற செய்தியை நீங்கள் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். சிசிலியின் சம்புகா என்ற ஊர் 2019இல் இதனாலேயே உலகப் புகழ் அடைந்தது. விலை ஒரு யூரோ என்றாலும், பழுதுபார்க்க ஆகும் செலவு வாங்கியவருடையது. குறித்த காலத்துக்குள் முடிக்கவேண்டும் என்று முன்பணமும் கட்டவேண்டும். இதனால் பல ஊர்களில் சுவர்கள் பிழைத்தன. ஆனால் வாங்கியவர்களில் பலர் தூர தேசத்தார். அவர்களுக்கு அது கோடைக்கால வீடு. வருஷத்தில் ஒரு மாதம் திறந்து பதினொரு மாதம் பூட்டியிருக்கும் வீட்டுக்கு ஆசை கொள்ள நமக்குச் சிசிலி வரை போகவேண்டியதில்லை. நம் மேலத்தெருவே போதும். வீடு விற்றது வேறு, ஊருக்கு ஆள் வந்தது வேறு.

ஜப்பானைப் பற்றி வாசித்தபோது நான் வியந்தது வேறொரு காரியத்துக்காக. 2023இல் எடுத்த வீட்டுக் கணக்கின்படி அந்நாட்டில் ஏறக்குறைய தொண்ணூறு லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. நூற்றுக்குப் பதின்மூன்று வீடுகளுக்கும் மேல். கிராமங்களுக்கு வந்து குடியேற விரும்பும் இளைஞரும் அங்கே இருக்கிறார்கள். 2009 முதல் அரசே அவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து மூன்றாண்டு வரை கிராமங்களில் பணிசெய்ய அனுப்புகிறது. ஆள் உண்டு, வீடு உண்டு. ஆனால் வாடகைக்கு வீடு கிடைக்காது. காரணம் கேட்டால் சொந்தக்காரர்கள் சொல்லும் பதில்கள் இவை: வீட்டுக்குள் முன்னோரின் வழிபாட்டு மாடம் இருக்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை ஓபோன் பண்டிகைக்கு வருவோம், அப்பாவின் சாமான்கள் அப்படியே கிடக்கின்றன, முன்பின் அறியாதவருக்கு எப்படிக் கொடுப்பது?

இதை வாசித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். மாடத்துக்குப் பதிலாகச் சுவரில் மாலை போட்ட அப்பாவின் படம். ஓபோனுக்குப் பதிலாகக் கிறிஸ்துமஸும் அசனப் பண்டிகையும். மற்றபடி ஒரு எழுத்தும் மாறாமல் இது நீங்கள் எனக்குச் சொன்ன பதில்தான்.

அந்த நாட்டிலேயே இதற்கு மருந்தும் கண்டிருக்கிறார்கள். சில ஊர்களில் ஊராட்சி அலுவலகமே நடுவில் நின்று, வீட்டைப் பல வருஷக் குத்தகைக்கு எடுத்து, பழுதுபார்த்து, புதிதாக வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. சொந்தக்காரர் அந்நியரை நம்பவேண்டியதில்லை. தன் ஊரை நம்பினால் போதும். ஓகி தீவுகளில் ஆமா என்று ஒரு சிற்றூர். ஜனத்தொகை ஏறக்குறைய 2,300. கடன் தலைக்கு மேல் ஏறியபோது அதன் தலைவர் முதலாவது தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மேல்நிலைப் பள்ளி ஒன்று அந்த ஊரில் இருக்கிறது. 2008இல் மாணவர் தொகை தொண்ணூறு என்ற அளவுக்கு இறங்கி மூடும் நிலைக்கு வந்தது. பள்ளி போனால் குடும்பங்கள் போய்விடும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். ஆகவே தங்கள் பிள்ளைகள் போதவில்லை என்று அழுதுகொண்டிராமல், நாடு முழுவதிலுமிருந்து மாணவரை அழைத்து விடுதியில் தங்கவைத்தார்கள். சில வருஷங்களில் தொகை ஏறக்குறைய இரட்டிப்பானது. நம் ஊர்த் தொடக்கப் பள்ளியை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் இருவர் இருக்கும் வகுப்பறையில் பிள்ளைகளை எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இனி நம்முடைய வரலாற்றுக்கு வருகிறேன். நம்மில் யாரும் இதை மறக்கலாகாது. இந்தத் தேரிக்காட்டுக் கிறிஸ்தவ ஊர்களில் பல, தானாக வளர்ந்த ஊர்கள் அல்ல. ஆள் சேர்ப்பதற்கென்றே உண்டாக்கிய ஊர்கள். 1799இல், விசுவாசத்தினிமித்தம் சொந்த ஊரில் வாழமுடியாமல் விரட்டப்பட்டவர்களுக்காக நிலம் வாங்கி, உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் ஒரு குடியேற்றத்தை அமைத்தார். முதலாவது ஊராகையால் முதலூர் என்றே பெயராயிற்று. 1830இல் ரேனியஸ் ஐயரின் காலத்தில், இப்படி நிலம் வாங்கி ஜனங்களைக் குடியமர்த்துவதற்கென்றே ஒரு தர்ம சங்கம் தொடங்கப்பட்டது. 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஐயர் தெருக்களை நேராக வகுத்தார், கிணறு தோண்டினார், மரம் நட்டார். அவருடைய மனைவி பெண்களுக்கு லேஸ் பின்னும் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். 1876இல் நாசரேத்துக்கு வந்த மர்காஷிஸ் ஐயர் மருத்துவப் பணி செய்தார், தொழிற்பள்ளி வைத்தார். நிலம், தண்ணீர், பள்ளி, வைத்தியம், கைத்தொழில்: ஒரு ஊருக்கு ஆள் வர எவை வேண்டுமோ அவையெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. இன்று மக்கள்தொகை குறையும் ஊர்களுக்கு வல்லுநர்கள் எழுதிக்கொடுக்கும் ஆலோசனைகளிலும் இவற்றுக்கு மேல் அதிகமாக ஒன்றும் இல்லை. இணையக் கம்பி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அது நம் ஊருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பட்டியலுக்கு முன்னே நிற்கும் காரியம் ஒன்று உண்டு. போக்கிடமற்று வந்தவர்களை உள்ளே விட ஒரு இடம் இருந்தது. நாம் ஓடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள். மேலத்தெருவில் பூட்டித் தொங்குகிற ஒவ்வொரு வீடும், ஒரு காலத்தில் யாரோ ஒருவர் நம் முன்னோருக்குக் கதவு திறந்ததன் பலன்.

தெற்கு இத்தாலியின் கலாப்ரியா மாகாணத்தில் ரியாச்சே என்ற மலையூர் இருக்கிறது. 1972இல் அதன் கடலில் இரண்டு வெண்கலச் சிலைகள் அகப்பட்டன. அது வரை அதை யாரும் அறியார்கள். பிழைப்புக்காக அவ்வூரார் வட இத்தாலிக்கும் அமெரிக்கக் கண்டங்களுக்கும் போய்விட்டார்கள். மேலே பழைய ஊரில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. 1998இல் சுமார் இருநூறு குர்து அகதிகளை ஏற்றிய படகொன்று அந்தக் கரையில் ஒதுங்கியது. தோமெனிகோ லுகானோ என்ற ஆசிரியருக்கு அப்போது ஒரு எண்ணம் உண்டாயிற்று: இங்கே ஆளில்லாத வீடுகள், அங்கே வீடில்லாத ஆட்கள். வெளிநாட்டில் இருந்த சொந்தக்காரர்களைத் தொடர்புகொண்டு சாவிகளைக் கேட்டார். கொடுத்தார்கள். 2004இல் அவரே ஊரின் மேயரானார். எத்தியோப்பியரும் ஆப்கானியரும் சோமாலியரும் வந்தார்கள். கண்ணாடி வேலை, நெசவு, மண்பாண்டம் என்று பட்டறைகள் திறந்தன. மூடவேண்டியிருந்த பள்ளி, வந்தவர்களின் பிள்ளைகளால் நின்றது. குறுகிய சந்துகளில் குப்பை அள்ளக் கழுதைகளை வைத்தார்கள். அரசுப் பணம் வரத் தாமதமானபோது ஊருக்குள் செல்லும்படி அடித்த சீட்டுகளில் காந்தியின் படமும் இருந்தது. அந்த ஊரார் பக்தியோடு போற்றும் கோஸ்மாஸும் தமியானும் கிழக்கிலிருந்து வந்த வைத்தியர்கள் என்பது மரபு. நாம் புனிதர்களிடம் வேண்டிக்கொள்கிறவர்கள் அல்ல. ஆனாலும் அந்நியர் இருவரைத் தங்கள் ஊருக்குக் காவலராகக் கொண்டவர்கள் அந்நியருக்குக் கதவு திறந்ததை நான் அற்பமாக எண்ணவில்லை.

கதையின் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. 2018இல் லுகானோ கைது செய்யப்பட்டார். 2021இல் நீதிமன்றம் அவருக்குப் பதின்மூன்று வருஷத்துக்கும் அதிகமான சிறைத்தண்டனை விதித்தது. 2023இல் மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்ட ஒன்றரை வருஷமாகக் குறைந்தது. இடையில் அரசு உதவி நின்றது. வந்தவர்களில் அநேகர் போய்விட்டார்கள். 2024இல் ஊரார் அவரையே மீண்டும் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். பிறர் பணத்தை நம்பி ஓடிய வண்டி பணம் நின்றதும் நின்றது என்று சொல்வார் உண்டு. அதில் உண்மையும் உண்டு. எனக்கோ அந்தக் கதையில் மறக்கமுடியாதது சாவியைக் கொடுத்தவர்கள். அவர்களில் பலர் தாங்களே தூர தேசத்தில் வாடகை வீடு தேடி அலைந்து பிழைத்தவர்கள்.

இப்போது என் தவறைச் சொல்லுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, அரசுப் பணியில் இந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்த ஒரு செவிலியர் என்னிடம் வந்தார். கணவரும் இரண்டு சிறுபிள்ளைகளும் உண்டு. ஊரிலேயே தங்கினால் இரவில் அழைத்தாலும் வரமுடியும் என்றார். நான் அகமகிழ்ந்து, வெளியூரில் இருக்கும் நம் சபையார் மூன்று பேரைத் தொலைபேசியில் அழைத்தேன். மூவரும் அன்பாகப் பேசினார்கள். மூவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "ஐயரே, அவுக என்ன ஆளுக?" நான் பதில் சொன்னேன். சொன்னதே என் முதல் தவறு. ஒருவருக்கு உடனே வீட்டில் பழுதுவேலை வந்துவிட்டது. ஒருவருடைய மருமகன் அடுத்த மாதம் வருவதாயிருந்தார். மூன்றாமவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார், இன்னும் யோசிக்கிறார். அப்போது நம் பழைய உபதேசியார் வீடு காலியாகத்தான் கிடந்தது. அதைக் கொடுக்கலாமென்று கமிட்டியில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிரதிஷ்டைப் பண்டிகை நெருங்கிய நேரம். வீண் பேச்சு வேண்டாமென்று மௌனமாயிருந்தேன். அந்தக் குடும்பம் டவுனில் வீடு எடுத்தது. அவர் நாள்தோறும் இரண்டு பேருந்து மாறி வந்துபோனார். ஒரு வருஷத்துக்குள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் நம் பள்ளியில் சேர்ந்திருக்கவேண்டியவர்கள்.

அதே வருஷம் மழைக்காலத்தில், நம் சபையின் ஒரு மூத்த தாயார் நள்ளிரவில் மூச்சுத்திணறி, வாகனம் வருமுன்னே என் கண்ணெதிரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். செவிலியர் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அது தேவன் ஒருவருக்கே தெரியும். ஆனால் அந்த இரவில், பூட்டிய வீடுகளின் வாசல் விளக்குகள் அத்தனையும் எரிந்துகொண்டிருந்த தெருவில், உதவிக்கு ஓட ஒரு கதவும் எனக்கு அகப்படவில்லை.

தாங்கள் மாத்திரம் தேசத்தில் வாசமாயிருக்கும்படி வீட்டோடு வீட்டைச் சேர்க்கிறவர்களுக்கு ஏசாயா ஐயோ என்று உரைக்கிறார். முன்பெல்லாம் அதைப் பேராசைக்காரரைப் பற்றிய வசனமாகவே பிரசங்கித்தேன். இடமில்லாமற்போகுமட்டும் தனித்திருக்க விரும்பும் ஊரைப் பற்றியும் அது பேசுகிறது என்று இப்போது எண்ணுகிறேன். நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகள் என்று லேவியராகமத்தில் கர்த்தர் சொல்வதும் பத்திரம் வைத்திருக்கிற நமக்குத்தான்.

வீட்டை வாடகைக்கு விட்டால் காலி செய்யமாட்டார்கள் என்ற உங்கள் பயம் பொய்யல்ல, கேட்டறிந்திருக்கிறேன். ஆகவே ஜப்பானில் ஊராட்சி செய்வதை இங்கே சபை செய்யலாம் என்று கேட்கிறேன். சாவியைச் சபையிடம் கொடுங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் எழுதுவோம். உங்கள் சாமான்களுக்கு ஒரு அறையைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவின் படமும் அங்கேயே இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்தால் தங்க, சேகர மனையில் இடம் உண்டு. வாடகையும் பராமரிப்பும் சபைக் கணக்கில் வரும். வருகிறவர் யார் என்பதைப் பற்றி, அவருடைய வேலை என்ன, குடும்பம் எத்தனை பேர் என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டுமே நான் பதில் சொல்வேன். மூன்றாவது கேள்விக்கு இனி என்னிடம் பதில் கிடைக்காது.

வருவார் யார் என்று கேட்கிறீர்களா? தினமும் டவுனிலிருந்து வந்துபோகும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வாழைத் தோட்டங்களில் தகரக் கொட்டகையில் பிள்ளைகளோடு தங்கியிருக்கும் வடமாநிலத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கே வேலைக்கு வருகிறவர்கள் சுற்றுவட்டாரத்தில் எங்கோ வீடு தேடத்தான் போகிறார்கள். பேருந்து நேரத்தையும் தண்ணீரையும் பற்றிக் கிராம சபையில் பேசவேண்டியதை நாம் பேசுவோம். ஆனால் ஐம்பது பேருக்கும் குறைவானவர்கள் வாழும் ஊருக்கு ஒரு பேருந்தைக் கூட்டும்படி கேட்க எனக்கே தயக்கமாயிருக்கிறது.

நெகேமியாவைப் போலச் சீட்டுப் போட எனக்கு அதிகாரம் இல்லை. பத்தில் ஒரு வீட்டைக் கேட்கிறேன். மேலத்தெருவில் நான் எண்ணி நிறுத்திய இருபத்தேழில் மூன்று வீடுகள்.

உபதேசியார் வீட்டைக் கொடுக்கும்படி கடந்த செவ்வாய்க்கிழமை கமிட்டியில் கேட்டேன். விவாதம் இரவு பத்து மணி வரை நடந்தது; ஒருவர் எழுந்து வெளியேயும் போனார். முடிவில் ஒப்புக்கொண்டார்கள். திங்கட்கிழமை வெள்ளையடிக்க ஆள் வருகிறது. பின்புறத்து ஓடுகளை மாற்றவேண்டும், கிணற்று மோட்டாரும் பழுது. முதலாவது குடிவருகிறவர், ஒன்பது சாவிகளை வைத்திருக்கிற அந்தத் தாயார். முன்பக்கத்து இரண்டு அறைகளை வேறொரு குடும்பத்துக்கென்று வைத்திருக்கிறோம். மீதி மூன்று வீடுகளைப் பற்றி, லெந்து நாட்களுக்குள் உங்கள் பதிலை எனக்குத் தெரிவியுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சேகர குரு